பைசல் அண்ணனும் ஒரு ஆஸ்பத்திரி அளவு பணமும்

கடனே வாங்காத உத்தமர்கள் உலகத்தில் உண்டு. வாங்கிவிட்டுத் தலைமறைவாகிறவர்கள் அதைவிட நிறைய உண்டு. ஆனால் கடன் கொடுத்தவரையே தலைமறைவாக ஓடவைத்த மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் பைசல் அண்ணன்.

நிஜப் பெயர் ஏதோ சாமி பெயர். கம்பெனியில் சம்பளம் கொடுக்கிற நாளில் மட்டும் அதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அன்றைக்கும் அவர் ஒரு நிமிஷம் திகைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். எந்தக் கணக்கானாலும் அந்த இடத்திலேயே முடித்துவிட்டு "பைசல் பண்ணிப்போட்டனுங்க" என்று கையைத் தட்டிக்கொள்வதால் பைசல் என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஒரு ரம்ஜானுக்கு, இரும்புக் கழிவு எடுக்க எங்கள் கம்பெனிக்குப் புதிதாக வந்த பாய் ஒருவர், பெயரை மட்டும் கேள்விப்பட்டு அவரைத் தழுவி வாழ்த்துச் சொல்ல வந்தார். கிட்டே வந்ததும் நெற்றி நிறையத் திருநீறு. விரித்த கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் பாய் அப்படியே நின்றார். பைசல் அண்ணன் தானே போய்த் தழுவிக்கொண்டார். "வாழ்த்தை வாங்கிப்போட்டுத் திருப்பித் தராம இருக்கலாமுங்களா?" என்றார்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கதை இது. கணபதி பக்கம் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் அவர் லேத் ஓட்டினார், நான் ஸ்டோர்ஸில் இருந்தேன். ஆவாரம்பாளையத்தில் ஒரே லைன் வீட்டில் அடுத்தடுத்துக் குடியிருந்தோம். நான் பிரம்மச்சாரி. நடுவில் ஒரு செங்கல் சுவர். அந்தப் பக்கம் அண்ணன் தும்மினால் இந்தப் பக்கம் என் சாமி படம் ஆடும்.

டீக்கடையில் டீ வருவதற்கு முன்னால் காசு கொடுத்துவிடுவார். கடைக்காரர், "குடிச்சுப்போட்டுக் குடுங்கண்ணா" என்றால், "குடிக்கறப்போ எனக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா?" என்பார். அவர் மனைவி சரோஜா அக்கா என்னிடம் ஒரு டம்ளர் சர்க்கரை கைமாற்றாக வாங்கிப் போனால், அந்தக் காப்பி ஆறுவதற்குள் அண்ணன் புதுச் சர்க்கரைப் பொட்டலத்தோடு என் வாசலில் நிற்பார். டம்ளரைக் கேட்டு வாங்கி, தலை தட்டி அளந்து, மேலே ஒரு சிட்டிகை போடுவார். அந்தச் சிட்டிகை வட்டி.

எல்லாவற்றையும்விட அவரைப் பாடாய்ப் படுத்தியது மொய். அவர் கல்யாணத்துக்கு மொய் வைத்தவர்கள் எல்லோருக்கும் திருப்பி வைத்தால்தானே கணக்குத் தீரும்? அதற்கு அவர்கள் வீட்டில் கல்யாணம் நடக்க வேண்டுமே. ஞாயிற்றுக்கிழமையானால் சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போய், "ஏனுங்க, உங்கூட்ல எப்பங்க விசேசம்?" என்று நச்சரிப்பார். ஒருவர் பொறுக்க முடியாமல், "என்ற புள்ள ஆறாங்கிளாஸ் படிக்குதுங்க!" என்று கத்திவிட்டார். "காது குத்தியாச்சுங்களா?" என்றார் அண்ணன். குத்தியாகிவிட்டது. அன்றைக்கு வீடு திரும்பியவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

இப்படிப்பட்டவருக்கு ஒரு பெரிய கடன் இருந்தது. ஆர்.எஸ்.புரத்தில் வீடும், டவுன்ஹால் பக்கம் ஆபீசும் வைத்திருந்த ஒரு பைனான்ஸ்காரரிடம் வாங்கியது. மாதத் தவணை இவ்வளவு என்று பேச்சு. அண்ணன் அதைவிட எச்சாகக் கட்டுவார். ஓவர்டைம் பணம், பழைய சைக்கிள் விற்ற பணம், வெல்லம் போட்டுக் காப்பி குடித்து மிச்சம் பிடித்த பணம் எல்லாம் அங்கே போகும். பைனான்ஸ்காரருக்கு வட்டிதான் சோறு. அசல் இந்த வேகத்தில் குறைந்தால் அவர் என்ன ஆவார்?

"ஏனுங்க, நான் உங்களைக் கேட்டனுங்களா? மெதுவாக் கட்டுங்க" என்று கெஞ்சிப் பார்த்தார். அண்ணன் கேட்கவில்லை. கடைசியில், அண்ணன் ஆபீஸ் படியேறினாலே முதலாளி வெளியூர் போயிருப்பதாகச் சொல்லும்படி குமாஸ்தாவுக்கு உத்தரவு போட்டார். ஒருநாள் நானும் அண்ணனும் ஆர்.எஸ்.புரத்தில் நடந்து போகும்போது எதிரே வந்த பைனான்ஸ்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, சட்டென்று ஒரு பட்டுச்சேலைக் கடைக்குள் நுழைந்தார். அண்ணன் வெளியே காத்து நின்றார். உள்ளே அவர் முன்னால் சேலை சேலையாக விரித்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் வேறு வழியில்லாமல் ஒரு சேலையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். அண்ணன் பணத்தை நீட்டினார். அன்றைக்குப் பைனான்ஸ்காரருக்கு இரட்டை நஷ்டம்.

இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஒருநாள் டீக்கடையில், "எதுக்குங்ணா இத்தனை அவசரம்? கடன்காரர் ஒண்ணும் கழுத்துல கத்தி வைக்கலையே" என்று கேட்டேன்.

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "எங்கப்பன் தோட்டத்துக்கு போர் போட்டாருங்க தம்பி. தண்ணி வரல. மறுக்கா கடன் வாங்கி மறுக்கா போட்டாரு. புழுதிதான் வந்துது. அவரு செத்தன்னைக்கு, எடுக்கறதுக்கு முன்னால ஒருத்தர் வந்து வாசல்ல சேர் போட்டு உக்காந்துட்டாருங்க. சத்தம் போடல, சண்டை புடிக்கல. சும்மா உக்காந்துட்டே இருந்தாரு. ஒறம்பரை, சொந்தபந்தம் அத்தனை பேரும் அவரைச் சுத்திப் போறாங்க, வாராங்க. கடனை நான் ஏத்துக்கறேன்னு சொன்னதுக்கு அப்புறந்தான் எந்திரிச்சாரு. பைனான்ஸ்ல வாங்கி அவருக்குப் பைசல் பண்ணினேன். அந்தச் சேர் இன்னும் என்ற கண்ணுக்குள்ளயே கெடக்குதுங்க."

அதற்குப் பிறகு அவரைக் கேலி செய்யும்போது எனக்குக் குரல் கொஞ்சம் இறங்கித்தான் வந்தது.

கல்யாணமாகி நெடுநாள் கழித்து சரோஜா அக்கா உண்டானார். கோயில், டாக்டர் என்று அலைந்து கிடைத்த பிள்ளை. மாதம் ஏற ஏறச் சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சும் ஏறியது. அக்கா அதிகம் பேசுகிறவர் அல்ல. ஆனால் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் விடமாட்டார்.

அந்தத் தீபாவளிக்குப் போனஸ் கொடுத்த அன்று பொழுதோடு, விளக்கு வைக்கிற நேரத்தில், நான் வீட்டில் புதுச் சட்டையைப் போட்டுக் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தேன். என் போனஸ் கடைவீதியிலேயே கரைந்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் குரல்.

"ஏனுங்க, இந்த ஒருதடவை மட்டும் பணம் ஊட்ல இருக்கட்டுமுங்க. நாள் கிட்ட வந்துபோச்சு."

"பிரசவத்துக்குத்தான் பெரியாஸ்பத்திரி இருக்குதில்ல அம்மணி. அங்க எதுக்குப் பணம்?"

"திடீர்னு ஒண்ணுன்னா?"

"ஒண்ணும் ஆவாது. கடனை வெச்சுக்கிட்டுப் பெட்டில பணம் வெக்கறது அடுத்தவன் பணத்தை ஒளிச்சு வெக்கறாப்பல. நாம சேர்த்து வெச்சா அது மேல வர்ற வட்டி துளியூண்டு. கடன் மேல ஓடற வட்டி எவ்வளவுன்னு உனக்குத் தெரியுமா?"

"கணக்கு உங்களுக்குத் தெரியுமுங்க. எனக்குப் பயமா இருக்குது, அதைத்தான் சொல்றேன்."

மறுநாள் வெடியால அண்ணன், பைனான்ஸ் ஆபீஸ் திறக்கும் முன்னாலேயே வாசலில் போய் நின்று, குமாஸ்தா மறுக்க மறுக்கப் போனஸ் மொத்தத்தையும் கட்டிவிட்டுத்தான் வேலைக்கு வந்தார். "பைசல் பண்ணிப்போட்டனுங்க தம்பி" என்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

டீ இடைவேளை முடிந்து சற்று நேரத்தில் கம்பெனி போன் அடித்தது. எங்கள் லைன் வீட்டுக்கு எதிரே இருந்த மளிகைக்கடைக்காரர் பேசினார். சரோஜா அக்காவுக்கு ரத்தப்போக்கு, பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோயிருக்கிறார்கள், உடனே வரச் சொல்லுங்கள்.

லேத்துக்கு ஓடினேன். அண்ணன் மெஷினை நிறுத்தக்கூட இல்லை. பக்கத்தில் இருந்தவர்தான் ஓடி வந்து நிறுத்தினார். என் மொபெட்டின் பின்னால் அவரை ஏற்றிக்கொண்டு பறந்தேன்.

டாக்டரம்மா எங்களை நிற்க வைத்துப் பேசினார். "உடனே ஆபரேஷன் பண்ணணும். ரத்தம் ஏத்தணும். பெரியாஸ்பத்திரி வரைக்கும் தாங்காது. கையெழுத்துப் போடுங்க." போட்டார். பிறகு கவுண்டரில் இருந்த பெண் முன்பணம் என்று ஒரு தொகையைச் சொன்னாள். "கட்டிப்போட்டு வந்துருங்க, சீக்கிரமுங்க."

அண்ணன் சட்டைப் பையில் கைவிட்டார். பஸ்ஸுக்கு வைத்திருந்த சில்லறை. என் பையில் புதுச் சட்டை வாங்கியது போக மிச்சம். இரண்டையும் கவுண்டர் மேல் வைத்துப் பார்த்தோம். அந்தப் பெண் அதை எண்ணக்கூட இல்லை.

"கம்பெனில ஃபோர்மேனைக் கேளுங்கண்ணா. ஒரு போன் போட்டாப் போதும்" என்றேன்.

ஆஸ்பத்திரி போனை எடுத்தார். ஃபோர்மேன் லைனில் வந்தார். "சார்..." என்றார் அண்ணன். அதற்கு மேல் வாய் வரவில்லை. "சார், நான்..." மறுபடியும் நின்றது. நாற்பது வயது வரை தனக்கென்று யாரிடமும் கேட்டுப் பழகாத வாய். நான் ரிசீவரைப் பிடுங்கினேன். அதற்குள் லைன் அறுந்துவிட்டது. மறுபடி அடித்தால் கம்பெனி நம்பர் கிடைக்கவே இல்லை.

அண்ணன் என்னைப் பார்த்தார். "தம்பி, காலைல கட்டின பணம் அங்கதான இருக்கும்?"

டவுன்ஹாலுக்குப் பறந்தோம். தீபாவளிக் கூட்டம். மொபெட்டை உருட்டிக்கொண்டு ஓடினேன். குமாஸ்தா எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று, பழக்க தோஷத்தில், "முதலாளி ஊர்ல இல்லீங்க!" என்றார். காலையில் கட்டிய பணம் பாங்குக்குப் போய்விட்டதாம், முதலாளி சொல்லாமல் ஒரு பைசா எடுக்க முடியாதாம். "கொடுமுடிக்கு, கோயிலுக்குப் போயிருக்காருங்க" என்றார். அவர் கண் மட்டும் ஆர்.எஸ்.புரம் இருக்கிற திசைக்குப் போய்விட்டு வந்தது.

ஆர்.எஸ்.புரம் வீட்டு வாசலில் கார் நின்றது. அந்த வீட்டம்மா கேட்டைத் திறக்காமலே, "அவரு கொடுமுடி போயிருக்காருங்களே" என்றார். மாடி பால்கனியில் தொங்கிய திரை அசைந்தது. திரைக்குக் கீழே இரண்டு செருப்பில்லாத கால்கள் தெரிந்தன.

"அம்மா, அவசரமுங்க" என்றேன்.

"எத்தனை அவசரம்னாலும் அடுத்த மாசம் வந்து கட்டுங்க."

அப்போதுதான் பைசல் அண்ணன் கேட் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மாடியைப் பார்த்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். "நான் கட்ட வரலீங்க! கேக்க வந்திருக்கறனுங்க!"

திரை விலகியது. பைனான்ஸ்காரர் தலையை நீட்டினார். "என்னங்க சொன்னீங்க?"

"கடன் கேக்க வந்திருக்கறனுங்க! என்ற சம்சாரம் ஆஸ்பத்திரில கெடக்கறா!"

பைனான்ஸ்காரர் அந்தக் கனத்த உடம்போடு மாடிப்படியை எப்படி இறங்கினாரோ, அடுத்த நொடி கேட்டில் நின்றார். விஷயத்தைக் கேட்டதும் உள்ளே போனார். பணத்தோடும் ஒரு புரோநோட்டுத் தாளோடும் திரும்பி வந்தார். அவரும் ஒரு தொழில்காரர்தானே.

"இந்தாங்க. கேட்டதுக்கு மேலயே இருக்குது. ஆனா ஒரு கண்டிசன். ஒரு வருசத்துக்கு முன்னால இதை நீங்க திருப்பித் தரக் கூடாது."

"ஆறு மாசமுங்க" என்றார் அண்ணன்.

என் காதை என்னாலேயே நம்ப முடியவில்லை.

"ஒரு வருசம்."

"எட்டு மாசம். அதுக்கு மேல என்னால தாங்காதுங்க."

"அண்ணா!" என்று நான் போட்ட கத்தலில் கார் மேல் படுத்திருந்த பூனை எழுந்து ஓடியது. அண்ணன் ஒரு வருஷத்துக்கே கையெழுத்துப் போட்டார். பைனான்ஸ்காரர் ஸ்டாம்ப் ஒட்டிக்கொண்டே சொன்னார்: "மெதுவாக் கட்டுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். எம்பட வட்டிக்காகத்தான் சொன்னேன், இல்லைன்னு சொல்லல. ஆனா கைல நாலு காசு இல்லாத மனுசன் ஓடறதைப் பாக்க எனக்கும் நல்லா இல்லீங்க. போங்க, மொதல்ல போங்க."

பணத்தை என் மொபெட் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். ஆவாரம்பாளையம் ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி தூரத்தில் ஊதியது. அண்ணன் பின்சீட்டிலிருந்து குதித்தார். நான் பிடிப்பதற்குள் கேட்டுக்கு அடியில் குனிந்து, தண்டவாளத்தைத் தாண்டி, அந்தப் பக்கம் ஓட ஆரம்பித்துவிட்டார். கேட்மேன் கத்தினார். அந்தச் சரக்கு வண்டி வந்து எங்கள் நடுவில் சுவர்போல ஓடியது. அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது: பணம் என் பையில் இருக்கிறது.

அந்த வண்டிக்கு முடிவே இல்லை. பெட்டி, பெட்டி, பெட்டி. அவர் வெறுங்கையோடு கவுண்டரில் நிற்பதும், அந்தப் பெண் தலையை ஆட்டுவதும் எனக்கு வண்டிச் சக்கரங்களின் நடுவே தெரிந்தபடி இருந்தது. கேட் திறந்ததும் நான் ஓட்டிய ஓட்டம் அந்த மொபெட்டின் ஆயுளைப் பாதியாக்கியது.

போய்ச் சேர்ந்தபோது கவுண்டரில் அவரைக் காணவில்லை. வராந்தாக் கடைசியில் தரையில் உட்கார்ந்திருந்தார். தலை தொங்கியிருந்தது. கவுண்டர் பெண்தான் எழுந்து வந்தாள்.

"நீங்க போன கையோட டாக்டரம்மா உள்ள போயிட்டாங்க. பணத்துக்கெல்லாம் அவங்க நிக்க மாட்டாங்க. நாங்கதான் கேக்கணும், எங்க வேலை அது. பொம்பளப் புள்ள. அம்மாவுக்கு இன்னும் ரத்தம் ஏறிட்டிருக்குது. கண்ணு முழிக்கணும்."

அண்ணனின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பணத்தை அவர் மடியில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. "காலைல இது என்ற கைல இருந்துதுங்க தம்பி" என்றார். "நேத்து அவ கேட்டாளுங்க." அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

பொழுது சாயும் நேரத்தில் அக்கா கண் விழித்தார். பிள்ளையைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார், பிறகு மெல்லக் கேட்டார்: "பணத்துக்கு என்னங்க பண்ணினீங்க?"

"கடன் வாங்கிப்போட்டேன் அம்மணி."

"நீங்களா?"

"கேட்டைப் புடிச்சுட்டுக் கத்தி வாங்கினேன்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. தையல் இழுத்தது. சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் அவர் பட்ட பாட்டில் நர்ஸ் வந்து எங்கள் இருவரையும் வெளியே துரத்தினாள்.

மனிதர் அன்றோடு மாறிவிட்டார் என்று எழுத ஆசைதான். அப்படியெல்லாம் நடக்கவில்லை. அக்கா பிள்ளையோடு வீட்டுக்கு வந்த முதல் மாதமே, செலவு போக மிச்சமிருந்த பணத்தைப் பழைய கடனுக்குக் கட்டிவிடலாமா என்று அண்ணன் ஆரம்பித்தார். சுவருக்கு இந்தப் பக்கம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"வட்டிக் கணக்குப் பாரு அம்மணி. கட்டறதுதான் லாபம்."

"உங்க கணக்கு சரிதானுங்க. நான் இல்லைன்னு சொல்லல. ஆனா அன்னைக்கு உங்க கணக்கு என்னைக் காப்பாத்துச்சுங்களா? மாசத் தவணையைத் தேதி தவறாமக் கட்டுங்க. அதுக்கு மேல ஒரு பைசா அங்க போகக் கூடாது. மொதல்ல ஒரு ஆஸ்பத்திரி அளவுக்குப் பணம் நம்ம கையில சேரட்டும். அதுக்கப்புறம் நீங்க ஓடிப்போயிக் கட்டுங்க, நான் தடுக்கல."

அவர்கள் வீட்டில் பணத்துக்கு அதுதான் அளவானது. கால் ஆஸ்பத்திரி, அரை ஆஸ்பத்திரி. தபாலாபீசில் கணக்குத் தொடங்கினார்கள். அண்ணன் பட்ட அவஸ்தை கொஞ்சமல்ல. சேமிப்பு ஏற ஏற அவருக்குத் தூக்கம் குறைந்தது. "யாரோ மறந்து வெச்சுட்டுப் போன பணத்தை நான் வெச்சிருக்கறாப்பல இருக்குதுங்க" என்பார். பைனான்ஸ்காரரோ தவணைத் தேதியில் அண்ணனைப் பார்த்ததும் நாற்காலி போட்டுக் காப்பி வரவழைத்தார்.

பிள்ளை தவழ ஆரம்பித்த சமயம் கம்பெனியைக் கதவடைத்துவிட்டார்கள். சம்பளமில்லாத மாதங்கள். லைன் வீட்டில் ஒவ்வொரு வீடாக நகை அடகுக்குப் போனது. நான் மெஸ்ஸில் பாதிச் சாப்பாடு சாப்பிட்டேன். பைசல் அண்ணன் வீட்டில் அடுப்பு எரிந்தது, பிள்ளைக்குப் பால் வாங்கினார்கள், தவணையும் தவறவில்லை. தபாலாபீசிலிருந்து பணம் எடுத்து வந்த அன்றைக்கு அவர் வாசற்படியில் நின்று சொன்னது நினைவிருக்கிறது: "தம்பி, கடனை அடைச்சாத்தான் நிம்மதின்னு நெனச்சிருந்தேன். கடன் இருக்கறப்பவும் மனுசன் மூச்சு விடலாம்போல இருக்குதுங்க."

கம்பெனி மறுபடி திறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் என் கதவைத் தட்டினார். வேட்டியில் இஸ்திரி மடிப்பு. "கெளம்புங்க, எல்லாரும் ஒட்டுக்கா வால்பாறை போயிட்டு வரலாம். அம்மணி கட்டுச்சோறு கட்டிட்டா." கடன் தீரும் வரை சினிமாகூடப் பார்க்க மாட்டேன் என்றிருந்தவர். கடன் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது.

மலைப்பாதையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவருக்குக் குமட்டியது. ஜன்னலில் தலையை வைத்துக்கொண்டு, "இறங்கினதும் செத்துப்போவனுங்க" என்று புலம்பிக்கொண்டே வந்தார். சாகவில்லை. மேலே தேயிலைச் சரிவில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. பிள்ளையைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு நடந்தார். பனி முகத்தில் பட்டதும் அவள் கையை நீட்டி அதைப் பிடிக்கப் பார்த்தாள். விரலை மூடினாள், திறந்து பார்த்தாள், ஒன்றுமில்லை. மறுபடி பிடித்தாள். அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார். அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்து இருவருமே கேட்டதில்லை.

கீழே ரோட்டில் நாங்கள் ஊர் திரும்ப வேண்டிய பஸ் புறப்படுவதற்கு ஹாரன் அடித்தது. அவருக்குக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.